புரி பிரித்துப் பார்க்காத வடம்

காலை வெயிலில் கிரேனடியில் குந்தியபடி, கம்பி வடத்தின் கிரீஸைக் கந்தல்துணியால் துடைத்து, கூரான இரும்பால் புரிகளை நெம்பி உள்ளே எட்டிப் பார்க்கும் அந்த முகம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. எழுபதுகளில், தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பலுக்குச் சரக்கேற்றிய ஒரு நிறுவனத்தில் அவர் தலைமைப் பொறியாளர். ஸ்ரீவைகுண்டத்துக்காரர். அவருக்குக் கீழே இருந்த நான் அவரைவிட நான்கு வயது மூத்தவன். உப்புக்காற்று வடத்தின் வெளிப்புறத்தை விட்டுவிட்டு உள்ளுக்குள் அரித்துவிடும் என்பதால், சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் கிரேனை நிறுத்தலாம் என்பது அவர் வைத்த வழக்கம். “நிறுத்திருங்க அண்ணாச்சி. திட்டு வாங்கதான் நான் இருக்கேன்லா” என்பார். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி நடத்தும் என் அக்காள் மகன், நல்ல தலைவனுக்கு என்ன வேண்டும் என்று போன வாரம் கேட்டான். படிப்பு, அனுபவம் என்று எதையோ சொல்லி ஒப்பேற்றினேன்.

ஒருநாள் கப்பல் காத்து நிற்கையில் சந்தேகப்பட்டு ஒரு கிரேனை நிறுத்தினேன். புரி பிரித்தால் உள்ளே ஒரு பொட்டுத் துரு இல்லை. அரை நாள் வேலை கெட்டது. முதலாளி பட்டறைக்கே வந்து, “யாருய்யா நிறுத்துனது?” என்று கத்தினார். “நான்தான் நிறுத்தச் சொன்னேன்” என்றார் அவர். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க நினைத்தேன் என்று சொன்னால் அது பொய். அந்த வாரமே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போதும், “பிரிச்சிப் பாக்காம எப்படித் தெரியும் அண்ணாச்சி? உங்க மேல தப்பில்ல” என்றுதான் சொன்னார். அவர் நாற்காலி எனக்கு வந்தது.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு வடத்தைத் தடவிப் பார்த்தபோது, கிரீஸுக்கு அடியில் கைக்கு ஏதோ சொரசொரப்பாகத் தட்டுப்பட்டது. நிறுத்தினால் திட்டு வாங்க இப்போது நான்தான் இருந்தேன். “தூக்கலாமா சார்?” என்று கேட்டார் கிரேனைப் பராமரிக்கும் பிட்டர். ஏரல் பக்கத்து ஆள், என் வயதுக்காரர். “தூக்குங்க” என்றேன். பத்தரை மணிக்கு வடம் அறுந்து, மூட்டைகள் கீழே நின்ற பிட்டர்மேல் விழுந்தன.

முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்துவிட்டார்கள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலருகே நின்ற அவர் மனைவி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். படுத்திருந்தவர் அவளை அதட்டினார். “ஏளா, சார எதுக்கு அப்படிப் பாக்க? அவுக பாத்துட்டுதான் தூக்கச் சொன்னாவ. நம்ம நேரம் சரியில்ல.”

அவள் என்னிடமே கேட்டாள்.

“நல்லாப் பாத்தியளா சார்?”

“பாத்தேம்மா” என்றேன்.