கறுப்பு பாட்டிலிலிருந்து என் நைனாவைக் காத்தவர்

2006-ஆம் வருடக் கோடை. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் உலை முன்னால் நின்று எங்களை வளர்த்த என் நைனாவால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. சிறுநீரகம் பாதி கெட்டிருந்தும் மாத்திரையோடு வேலைக்குப் போனவர்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் கால்கள் கல்லாகிவிட்டன. நெஞ்சில் கை வைத்தால் துடிப்பு தப்பித் தப்பி அடித்தது.

எங்கள் சபையைச் சேர்ந்த கிரேஸ் அக்கா நோனிப் பழ ஜூஸ் விற்பவர். அவர் சொல்படி நைனா தினமும் ஒரு மூடி குடித்துவந்தார். கால் மோசமாக ஆக, அக்கா மூடியைக் கூட்டினார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் படித்தவள் நான். விடுவேனா? "டாக்டர் பழமே கூடாதுன்னாரேக்கா" என்றேன்.

"இது பழம் இல்லடி, மருந்து. நாலு எழுத்து படிச்சா விசுவாசம் கொறஞ்சிடுமா?" என்று சிரித்தார்.

"சும்மா இரும்மா. கெட்டது வெளிய போவுது, அதான் அசதி" என்றார் நைனா. அது அக்கா சொல்லிக்கொடுத்தது.

அந்தக் கறுப்பு பாட்டிலைத் திறந்தாலே புளித்த வாடை வீடெல்லாம் நிற்கும். ஒவ்வொரு மூடிக்கும் நைனா எங்களை விட்டு விலகிப்போவதாகவே தோன்றியது. "ஆண்டவரே, என் பேச்சு எடுபடவில்லை. நீரே தடுத்து நிறுத்தும்" என்று அழுது ஜெபித்தேன்.

அந்த வாரமே சபையில் பத்து நாள் உபவாசம் அறிவித்தார்கள். எங்கள் சபையில் நோயாளிகள் சாப்பிடலாம்; இனிப்பு, பழம், ஜூஸ் மட்டும் தொடக்கூடாது. ஜெபிக்க வீட்டுக்கு வந்த பாஸ்டரிடம் நைனா பாட்டிலைக் காட்டி, "இத்த குடிக்கலாமா பாஸ்டர்?" என்று கேட்டார்.

"மருந்துக்கு இன்னா உபவாசம்?" என்று கூட வந்திருந்த அக்கா முந்தினார்.

பாஸ்டர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். "படத்துல பழந்தானம்மா இருக்குது? உபவாசம் முடியட்டும்."

நைனா ஆண்டவருக்குச் செய்த பொருத்தனையை மீறாதவர். பாட்டில் அலமாரிக்குள் போனது. உபவாசம் முடிவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்தார்!

"ஜெபத்தோட பலன். இனிமே டபுளா குடிங்கண்ணே" என்று அக்கா புது பாட்டிலோடு வந்து நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜூஸை நிறுத்தியதும் கால் வந்ததே! பாட்டிலைப் பறித்துக்கொண்டு நைனாவை ஆட்டோவில் ஏற்றினேன்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் முகம் மாறியது. "பொட்டாசியம் இன்னும் ஏறிக்கிடக்குது. இந்த ஜூஸ்ல அது நெறைய இருக்குது, அவர் கிட்னியால வெளியேத்த முடியாது. கால் விழுந்ததும் அதாலதான். மறுபடி குடிச்சிருந்தா தூக்கத்துலயே இதயம் நின்னிருக்கும்மா."

இன்று நைனா என் கையைப் பிடிக்காமல் ஆராதனைக்கு நடந்து வருகிறார். ஸ்தோத்திரம்! ஆனால் அதே பாட்டில் எங்கள் தெருவில் இன்னும் வீடு வீடாகப் போகிறது.

அன்பானவர்களே, ஜெபியுங்கள், மாத்திரையையும் விடாதீர்கள். பாட்டில் நீட்டிய கையை என்னால் நிறுத்த முடியவில்லை; ஆண்டவர் நிறுத்தினார். உங்கள் வீட்டிலும் நிறுத்துவார். அவர் மூடிவைத்ததை மட்டும் மறுபடி திறந்துவிடாதீர்கள்.