ஆறு மணிக்கு மேல் ராஜாமணி

ராஜாமணி குடியை நிறுத்தியதில் பெரிய நஷ்டம் அவர் மனைவி ஜெசிந்தாவுக்குத்தான். இதைத் திண்டிவனத்தில் யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால் கேட்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

அவர் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவளுடைய மாலைகள் ஒழுங்காக இருந்தன. கட்டடத்தில் சென்ட்ரிங் வேலை முடிந்ததும் ஆறு மணிக்கு நேராகக் கடைக்குப் போவார். ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வருவார். சத்தம் போட மாட்டார், கை நீட்ட மாட்டார். தட்டில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். குடிகாரர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அந்த வரிசை வீடுகளில் அவரை உதாரணம் காட்டிச் சண்டை போட்ட மனைவிகள் உண்டு.

ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருந்த நேரம் ஜெசிந்தாவுடையது. தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரிப்பாள். பக்கத்து வீட்டு செண்பகம் வேகவைத்த மல்லாட்டைக் கடலையோடு வருவாள். அவள் பின்னாலேயே இன்னும் இரண்டு மூன்று பெண்கள் வருவார்கள். டிவியில் சீரியல் ஓடும். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆண் இல்லாத வீடு என்பதால் காலை நீட்டி உட்காரலாம். மாமியாரைப் பற்றி உள்ளதைச் சொல்லலாம். வயிறு வலிக்கச் சிரிக்கலாம். அந்தத் தெருவில் இதற்கு வேறு இடம் கிடையாது.

பிறகு ஒரு நாள் ராஜாமணிக்கு வயிறு வீங்கி, முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, இனிமே ஒரு சொட்டு..." என்று ஆரம்பித்தார். ராஜாமணியின் முகத்தைப் பார்த்ததும் வாக்கியத்தை முடிக்கத் தேவையில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ராஜாமணி அன்றோடு நிறுத்தினார். நிறுத்துவது அவருக்குச் சுலபமாகத்தான் இருந்தது. ஆறு மணி வருவதுதான் கஷ்டமாக இருந்தது. அது தினமும் வந்தது.

முதல் வாரம் வீட்டில் உட்கார்ந்து சீரியலைப் பார்த்தார். பார்த்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை, சந்தேகமும் கேட்டார். செண்பகம் வாசல் வரை வந்து, அவரைப் பார்த்ததும், "தீப்பெட்டி கேக்க வந்தேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்று நாள் தொடர்ந்து தீப்பெட்டி வாங்கிப் போனவள், அதன் பிறகு வரவில்லை. மற்றவர்களும் வரவில்லை. ஜெசிந்தா பாயைச் சுருட்டி மூலையில் சாய்த்து வைத்தாள்.

இரண்டாவது வாரம் அவர் சமையலறைக்குள் நுழைந்தார்.

"ஜெசி, ஹார்லிக்ஸ் பாட்டில்ல இன்னாத்துக்குத் துவரம்பருப்பு கீது?"

"ஹார்லிக்ஸ் தீந்து போச்சு. அதான்."

"அப்ப பருப்பு டப்பாவுல?"

"அதுல ஊசி நூலு."

அவர் யோசித்தார். பிறகு வேலைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வந்தார். சென்ட்ரிங் பலகை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி அது. கண்ணாடிக்குள் இருக்கும் குமிழி நடுவில் நின்றால் மட்டம் சரி. அதைக் கேஸ் அடுப்பின் மேல் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். குமிழி ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது.

"இத்தினி வருசமா சாய்ஞ்ச அடுப்புலயா ஆக்கிக்கினு இருந்த?"

"சாய்ஞ்சிக்கினு வந்த ஆளுக்குத்தான ஆக்கினேன்."

அவர் அட்டையை மடித்து அடுப்பின் காலுக்கு அடியில் வைத்து மட்டம் செய்தார். அன்று முதல், இருபது வருடமாக இடது பக்கம் பொங்கிய கஞ்சி வலது பக்கம் பொங்கியது. ஜெசிந்தா அன்று ஒரு முடிவுக்கு வந்தாள். இவர் குடிக்கவும் கூடாது, வீட்டில் இருக்கவும் கூடாது.

இரண்டுக்கும் நடுவில் திண்டிவனத்தில் என்ன இருக்கிறது என்று அவள் தேட ஆரம்பித்தாள். ஏரிக்கரையில் நடந்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினாள். அங்கே நடக்கிறவர்கள் உடம்புக்காக மூன்று சுற்று சுற்றிவிட்டு, மனசுக்காக மேம்பாலத்தின் அடியில் இருந்த கடைக்குப் போனார்கள். நூலகத்துக்கு அனுப்பினாள். அவர் பேப்பரை வாய்விட்டுப் படிக்கிறார் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேரம் மன்றத்தில் பந்தயமே பாட்டில்தான். ஒரு சாயங்காலம் பொழுது போகட்டும் என்று ரயிலில் விழுப்புரம் போய்வரச் சொன்னாள். ஜங்ஷனில் இறங்கிய ராஜாமணி, எதிரே நின்றிருந்த புதுச்சேரி வண்டியில் தன்னையறியாமல் ஏறி உட்கார்ந்துவிட்டார். வண்டி நகரும்போதுதான் குதித்து இறங்கினார். முட்டியைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் சொன்னார்: "ஆறு மணியானா காலு தானா போவுது ஜெசி. எங்கயாச்சும் ஓரிடத்துக்கு அது போயே ஆவணும். இல்லன்னா பழைய எடத்துக்குத்தான் போவும்."

அதைக் கேட்டு அவள் பயந்துபோனாள். மறுநாளே மரக்காணம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு ஜெபக்கூடம் நடத்தும் பாஸ்டர் பிரவீன்குமாரிடம் அவரைக் கொண்டுபோய் விட்டாள். இளவயது பாஸ்டர். மைக்கை இரண்டு கையாலும் பிடிப்பார். அங்கே குடியை விட்டவர்கள் எழுந்து நின்று தங்கள் பழைய வாழ்க்கையைச் சாட்சியாகச் சொல்வது வழக்கம்.

இது பலித்தது. ராஜாமணிக்குத் தினமும் கூட்டம் இருந்தது. வியாழன் இங்கே, வெள்ளி மரக்காணம் பக்கத்துக் குப்பங்களில், சனி முகையூர்ப் பக்கம் என்று கூட்டிப்போனார்கள். ஞாயிறு காலை ஆராதனையோடு சரி, மாலை லீவு. சுவரில் சாய்ந்திருந்த பாய் மறுபடி தரைக்கு வந்தது. செண்பகம் மல்லாட்டையோடு வந்தாள். முன்பு வாங்கிய தீப்பெட்டிகளைத் திருப்பித் தரவில்லை, ஜெசிந்தாவும் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, மீன் அங்காடியில் கிளியம்மாள் அவளை உற்றுப் பார்த்தாள். கடலோரக் குப்பத்திலிருந்து கூடையோடு பஸ்ஸில் வந்து விற்கிறவள். ஒரு மீன்கூடச் சும்மா போட்டதில்லை. அன்று கை நிறையச் சங்கராவை அள்ளி ஜெசிந்தாவின் பையில் கூடுதலாகப் போட்டுவிட்டு, அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள்.

"எந்தக் கண்ணும்மா?"

"இன்னாது?"

"உம் புருசன் குத்தினது. எந்தக் கண்ணு?"

ஜெசிந்தா மீனோடு நேராகச் செண்பகத்திடம் போனாள். செண்பகத்துக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெருவுக்கே தெரிந்திருந்தது.

"கண்ணு மட்டுமில்லக்கா. அண்ணன் சொல்ற சாட்சியில நீ கெணத்துல வேற குதிச்சிகீற."

"நம்ம தெருவுல ஏதுடி கெணறு?"

"அத யாரும் கேக்கல. கேக்குறவங்க எல்லாம் அழுதுக்கினு இருந்தாங்க."

அன்று மாலை கூட்டத்துக்குக் கிளம்பிய ராஜாமணியை ஜெசிந்தா வாசலில் மறித்தாள்.

"நான் எப்பய்யா கெணத்துல குதிச்சேன்?"

ராஜாமணி மறைக்கவில்லை. "மொதல்ல உள்ளதத்தான் சொன்னேன் ஜெசி. குடிச்சேன், வந்தேன், துன்னேன், தூங்கினேன்னு. ஒருத்தரும் அழல. பாஸ்டரு மைக்கப் புடிச்சிக்கினு, 'அப்புறம் பிரதர்?'னாரு. அப்புறம் ஒண்ணுமே இல்லியே. நான் இன்னா பண்ணுவேன்?"

"அதுக்கு என்னைக் கெணத்துல தள்ளுவியா?"

"நான் தள்ளல. நீயா குதிச்ச."

அவள் வாசலை விட்டு நகரவில்லை. அவர், "போவாம நின்னுக்கட்டுமா?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றினார்.

போக வேண்டாம் என்று சொல்ல ஜெசிந்தா வாயைத் திறந்தாள். விரித்த பாய் கண்ணில் பட்டது. புதுச்சேரி வண்டியும் நினைவுக்கு வந்தது. ஒரு பக்கம் அவள் பெயர். இன்னொரு பக்கம் அவர் ஈரலும் அவளுடைய மூன்று மணி நேரமும்.

"கெணறு மட்டும் வேணாம்" என்றாள். "கண்ணு இருந்துட்டுப் போவட்டும்."

அதன்படி சில வாரங்கள் நடந்தன. ஆனால் கிணற்றை எடுத்த இடம் காலியாக இருக்கக்கூடாது என்று ராஜாமணி அங்கே ஓடும் ரயிலை வைத்துவிட்டார். கடைத்தெருவில் பெண்கள் அவளுக்கு வழிவிட்டு நின்றார்கள். ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் அவசரமில்லை என்றார்கள். கிளியம்மாள் வாராவாரம் மீன் கூடுதலாகப் போட்டாள். அதை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு ஜெசிந்தாவுக்கு அவமானம் ஏற்படவில்லை. ஆனால் மாலையில் பாயில் உட்கார்ந்தால், சிரிக்கும்போதுகூட மற்றவர்கள் ஒரு கணம் தன் கண்ணைப் பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது. வீடு அவளுக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவள்தான் வேறு யாரோ.

அப்போது மேம்பாலத்தின் பக்கத்தில் ஒரு பேனர் எழுந்தது. விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெரிய கூட்டம். ராஜாமணி, ஜெசிந்தா கல்யாணப் போட்டோவைப் பெரிதாக்கிப் போட்டு, கீழே 'அன்று ஓடும் ரயிலின் முன்னே, இன்று கிருபையின் நிழலிலே: குடும்ப சாட்சி' என்று எழுதியிருந்தது.

கூட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் ராஜாமணி அவள் காதருகே சொல்லிக்கொண்டே வந்தார். "நீ பேச வேணாம். தலைய மட்டும் ஆட்டு. கண்ணு எதுன்னு யாராச்சும் கேட்டா லெப்ட்டு."

மண்டபம் நிறைந்திருந்தது. ராஜாமணி நன்றாகவே சொன்னார். ரயில் வரும்போது ஜெசிந்தாவுக்கே நெஞ்சு அடித்துக்கொண்டது. முடித்ததும் பாஸ்டர் மைக்கை அவள் பக்கம் நீட்டி, "சிஸ்டர், ஒரு வார்த்தை. ஆமான்னு சொன்னாக் கூடப் போதும்" என்றார்.

ஜெசிந்தா மைக்கை வாங்கினாள்.

"எம் பேரு ஜெசிந்தா. திண்டிவனம். எங்க வூட்டுக்காரரு என்னை அடிச்சதில்ல. நான் ரயிலுக்கு முன்னாடி போவல. எனக்கு அன்னிக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கிற வேல இருந்துச்சு."

"அல்லேலூயா" என்றார் பாஸ்டர். எதிர்பாராத எதற்கும் அவரிடம் இருந்த ஒரே சொல் அதுதான்.

"குடிச்சாரு. நெறையத்தான் குடிச்சாரு. ஆனா வந்தா தூங்கிடுவாரு. அதுல அழறதுக்கு ஒண்ணும் இல்லன்னுதான் அவரு கொஞ்சம் சேத்துச் சொல்லிட்டாரு. இப்ப நிறுத்திட்டாரு. நல்லதுதான். ஆனா நிறுத்தின புதுசுல தெனம் சாயந்தரம் வூட்லயே இருந்தாரு. பருப்பு ஏன் இங்க கீதுன்னாரு. ரசமட்டம் வெச்சுப் பாத்து அடுப்பு சாய்ஞ்சி கீதுன்னாரு. குடிய நிறுத்தணும்னு எல்லாரும் ஜெபம் பண்றீங்க. நிறுத்தினதுக்கப்புறம் ஆறு மணிலேர்ந்து ஒம்பது மணி வரைக்கும் இவங்கள எங்க வெச்சுக்கறது? அதுக்கும் யாராச்சும் ஜெபம் பண்ணுங்க."

பெண்கள் பக்கத்தில் முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு வரிசை வரிசையாகச் சிரித்தார்கள். நடுவிலிருந்து ஒரு குரல், "ஆமென்" என்று ஓங்கி வந்தது. அதைத் தொடர்ந்து பல ஆமென்கள் வந்தன. அன்று மாலை மனப்பூர்வமாகச் சொல்லப்பட்டவை அவைதான் என்று தோன்றியது. ஆண்கள் பக்கம் தரையைப் பார்த்தது.

வெளியே வரும்போது ராஜாமணியின் முகம் சுருங்கியிருந்தது. இனி எந்த ஊரும் கூப்பிடாது என்று அவருக்குத் தெரிந்தது. வாசலில் திண்டிவனத்துப் பெண் ஒருத்தி அவரை நிறுத்தினாள்.

"அண்ணே, அந்த ரசமட்டம் கையில கீதா? எங்க வூட்லயும் அடுப்பு சாய்ஞ்சித்தான் இருக்கும் போல. கொழம்பு ஒரு பக்கமே அடி புடிக்குது."

"எங்க வூட்ல கட்டிலு ஆடுதுண்ணே" என்றாள் பின்னாலிருந்த இன்னொருத்தி. "அவரும் நிறுத்திட்டாரு. சும்மாதான் குந்திக்கினு கீறாரு. அவரையும் சேத்துக்குங்க."

திரும்பும் பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டியது. ராஜாமணி, "நான் வூட்ல இருந்தா அவ்ளோ பேஜாராவா கீது?" என்று கேட்டார்.

"அடுப்ப நோண்டாம இருந்தா பரவால்ல."

"சாய்ஞ்சிதான இருந்துச்சு."

"சாய்ஞ்சிதான் இருந்துச்சு" என்று ஒப்புக்கொண்டாள். அது உண்மை என்பதால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

திண்டிவனத்தில் மட்டமாக இருக்கும் பொருள் ஒன்றுகூட இல்லை என்பது அடுத்த சில மாதங்களில் வெளிப்பட்டது. கட்டில், பீரோ, கிரைண்டர், வாசற்கதவு, சாமி படம் எல்லாமே சாய்ந்திருந்தன. ஆறு மணிக்கு ராஜாமணி பையோடு கிளம்புவார். குடியை விட்டவர்கள் நாலு பேர் கூடவே போவார்கள். ஒருவர் கட்டிலைத் தூக்க, ஒருவர் அட்டையை மடிக்க, ஒருவர் குமிழியைப் பார்க்க, இன்னொருவர் அப்படி இல்லை என்று சொல்ல. கடைசி ஆள்தான் முக்கியம். அவர் இல்லாவிட்டால் ஒரு கட்டில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அவர் இருந்ததால் ஒன்பது மணி வரை போயிற்று.

கிளியம்மாள் கூடுதல் மீனை நிறுத்திவிட்டாள். ஜெசிந்தாவின் வீட்டில் தினமும் பாய் விரிந்தது. அவள் கண்ணை யாரும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் மிச்சம். அன்றைக்கு யாரும் தங்கள் வீட்டுக் கட்டிலைத் தூக்க விடுவதில்லை; ஆறு மணிக்கு ராஜாமணி வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். ஒரு சனிக்கிழமை மாலை, செண்பகம் வருவதற்கு முன்னால், ஜெசிந்தா சமையலறைக்குப் போய் அடுப்பைத் தூக்கினாள். காலுக்கு அடியில் இருந்த அட்டையை உருவி எடுத்து, பருப்பு டப்பாவில் ஊசி நூலோடு போட்டு மூடினாள்.