புத்தகத் தட்டில் இரண்டு பெட்டிகள்

இலங்கை மலையகத்தில் வட்டவளை ஸ்டேஷனுக்கு மேலே, மழை விட்டால் மட்டுமே முழுதாகக் கண்ணில் படும் ஒரு தோட்டம். அங்கே தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அந்த ஸ்டோரில் பெட்டி அடிக்கிறவன் சிவசாமி. மெல்லிய ஒட்டுப்பலகைகளைச் சதுரமாகக் கூட்டி, ஓரங்களில் தகரப் பட்டி வைத்து ஆணியடித்து, உள்ளே ஈயத்தாள் விரித்துக் கொடுத்தால், அதில் தேயிலை நிறைந்து கப்பலுக்குப் போகும். தன் பெட்டிகள் எந்த ஊரில் போய்த் திறக்கப்படுகின்றன என்று அவன் யோசித்ததே இல்லை. ஆனால் ஒவ்வொரு பெட்டியையும் அனுப்பும் முன் விரல் மடக்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பான். வெறும் பெட்டி ஒரு மாதிரிப் பேசும், பாதி நிறைந்தது வேறு மாதிரிப் பேசும். அது ஏன் என்று கேட்டால் உடன் வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள்.

ஐம்பத்தாறாம் வருஷமாக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் டவுனுக்குப் போனவன், ரேடியோ பழுது பார்க்கும் கடை ஒன்றின் முன்னால் நின்றுவிட்டான். மேசை மேல் ஒரு ஸ்பீக்கர் தனியாகக் கிடந்து பாடிக்கொண்டிருந்தது. காகிதக் கூம்பும் பின்னால் ஒரு காந்தமும், அவ்வளவுதான். பாட்டு கொசு பாடுவதுபோல் மெலிந்து கேட்டது. கடைக்காரர் ஏதோ தேடுவதற்காக அதைத் தூக்கி, பக்கத்தில் இருந்த காலி பிஸ்கட் டின்னின் வாய்மேல் வைத்தார். அந்தக் கணமே பாடுகிறவருக்கு நெஞ்சு முளைத்தது.

சிவசாமி உள்ளே போய், தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "அதை மறுபடி எடுத்து வைங்க மாத்தயா" என்றான்.

கடைக்காரர் எடுத்தார், வைத்தார். குரல் மெலிந்தது, தடித்தது.

"இது ஏன் இப்படி?"

"இத்தனை வருஷமா இந்தக் கடையில இருக்கேன், இதை யாரும் கேட்டதில்லை" என்றார் அவர். ஏன் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கேட்டவனைப் பிடித்துப்போயிற்று. கூம்பு கிழிந்து மூலையில் கிடந்த ஒரு பழைய ஸ்பீக்கரைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார்.

ரயிலில் வரும் வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு, கூம்பை விரலால் மெல்ல அமுக்கி, அது திரும்பி எழுவதைப் பார்த்துக்கொண்டே வந்தான். வீட்டில் கிழிசலின் மேல் மெல்லிய தாளைப் பசை தடவி ஒட்டினான். மனைவி நாகலெட்சுமி கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்க இது, புனலா?"

"பேசும்."

"இப்ப பேசலயே."

"கரண்டு வேணும் புள்ள."

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் கரண்டு ஏது? ஸ்டோர் எந்திரம் ஓடும் நேரத்தில் ஸ்டோருக்கும், உத்தியோகத்தர் வீடுகளுக்கும், அவற்றை ஒட்டியிருந்த பள்ளிக்கூடத்துக்கும்தான் அது வரும். பள்ளிக்கூடத்துக்கு அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து தம்பு மாஸ்டர் வந்திருந்தார். சிவசாமியின் வயதுதான் அவருக்கும். தனிக்கட்டை. சாயங்காலங்களில் வகுப்பறை ஒன்றைத் திறந்து வைத்து, சுவரோரப் புத்தகத் தட்டில் பத்திரிகைகளை அடுக்கி, அதை வாசிகசாலை ஆக்கியிருந்தார். தன் ரேடியோவையும் அங்கேதான் வைத்திருந்தார். அதன் முதுகில் இன்னொரு ஸ்பீக்கர் பூட்டுவதற்கு இரண்டு துளைகள் இருந்தன.

ஸ்டோர் பொறுப்பாளரான டீமேக்கரிடம் கேட்டு வாங்கிய கழிவுப் பெட்டி ஒன்றின் முகத்தில் வட்டமாக வெட்டி, ஸ்பீக்கரைப் பொருத்தி, அதைத் தலையில் சுமந்துகொண்டு சிவசாமி வாசிகசாலைப் படியேறினான். மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"இதென்ன, உள்ளுக்குக் கோழியோ வச்சிருக்கிறீர்?"

"இல்லீங்க மாஸ்டர். ரேடியோவுக்கு ஒரு பெட்டி. உங்க ரேடியோவில மாட்டிப் பாக்கலாமுன்னு வந்தேன்."

வேறொருவராக இருந்தால் விரட்டியிருப்பார். தம்பு மாஸ்டருக்கோ இப்படிப்பட்டவற்றில் தனி ஆசை. வயரைச் சீவி, தானே துளைகளில் செருகினார். பெட்டி பேசியது. கிணற்றுக்குள் விழுந்த ஒருவர் உள்ளிருந்தபடியே செய்தி வாசிப்பதுபோல் இருந்தது. போதாததற்கு, ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஏதோ தகரம் அதிர்ந்தது. இருவரும் தரையில் குந்தி, பெட்டியோடு காதை வைத்துத் தேடினார்கள்.

"ஈயத்தாள்" என்றான் சிவசாமி. கையை விட்டு அதைக் கிழித்தெடுத்தான். தகரச் சத்தம் போயிற்று. கிணறு போகவில்லை.

அன்றிலிருந்து ஒரு மழைக்காலம் முழுவதும் இருவருக்கும் அதே பேச்சு. பெட்டி பெரிது என்றார் மாஸ்டர். அதோடு, அது தரையில் கிடப்பதால் வருகிறவர்கள் அதன்மேல் உட்கார்ந்துவிடுகிறார்கள். புத்தகத் தட்டுக்குள் நுழையும் அளவுக்குச் சிவசாமி அதைக் குறைத்து அடித்தான். இப்போது குரல் மூக்கடைத்துக்கொண்டது. பின்பக்கத்தில் ஒரு துளை போட்டான். கொஞ்சம் மூச்சு விட்டது. மாஸ்டர் உள்ளே சாக்குத் துண்டை வைத்துப் பார்க்கச் சொன்னார். சாக்கு கொஞ்சம் உதவியது. தேங்காய் நார் ஒன்றுக்கும் உதவவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூடியைக் கழற்றி, மாற்றி, திரும்ப முறுக்க வேண்டும். அதற்குள் பிடித்த நிகழ்ச்சி முடிந்துபோகும்.

ஒருநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் அவசரத்திலும் நாகலெட்சுமி வாசலில் நின்றாள்.

"ஏங்க, என் தலகாணி எங்க?"

சிவசாமி அடுப்பைப் பார்த்தபடி இருந்தான்.

"ஒங்களத்தான் கேக்குறேன்."

"பெட்டிக்குள்ள."

"எந்தப் பெட்டிக்குள்ள?"

"ரேடியோப் பெட்டிக்குள்ள. இலவம்பஞ்சு வச்சாக் கெணத்துச் சத்தம் போவுதான்னு பாக்கத்தான் எடுத்தேன்."

அவள் மலைக்குப் போனாள். ஆனால் அன்று சாயங்காலம், கொழுந்து நிறுத்த கையோடு, நேராக வாசிகசாலைக்கு வந்தாள். தலையணைக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கத்தான் வந்தாள். பெண்கள் யாரும் அதுவரை அங்கே வந்ததில்லை. மாஸ்டர் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை. செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டே நின்றவள் திடீரென்று கேட்டாள்:

"அந்தாளு தாளப் பொரட்டுறாரா?"

இருவரும் காதைக் கூர்மையாக்கினார்கள். ஒரு செய்தி முடிந்து அடுத்தது தொடங்கும் முன் மெல்லிய சரசரப்பு. கொழும்பில் எங்கோ ஓர் அறையில் ஒருவர் காகிதம் புரட்டுகிறார். அது வட்டவளை மலையில் கேட்கிறது. ரேடியோவின் சொந்த ஸ்பீக்கரில் ஒருநாளும் அது கேட்டதில்லை. நாகலெட்சுமி தலையணையைத் திருப்பிக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு, உடம்புக்கு முடிகிற நாட்களில் அவளும் வந்து கதவோரத்தில் நின்றாள்.

ஒன்று நன்றாக வந்ததும் இன்னொன்றும் வேண்டும் என்று தோன்றிற்று. அறை நீளம், பின்வரிசைக்காரர்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை. ஹட்டன் கடைக்காரர் அதே அளவில் ஒரு ஸ்பீக்கர் தேடித் தந்தார். முதல் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, அதே பலகை, அதே அளவு, அதே துளை, அதே பஞ்சு என்று இரண்டாவதைச் செய்தான் சிவசாமி. தட்டின் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. நடுவே புத்தகங்கள். வயரை மாட்டினார்கள்.

குரல் செத்துப்போயிற்று. சத்தம் என்னவோ வந்தது. ஆனால் ஹட்டன் கடை மேசையில் முதன்முதலில் கேட்ட அந்தக் கொசுப் பாட்டு திரும்பி வந்ததுபோல் இருந்தது.

"ரெண்டாவது பெட்டியில ஏதோ பிழை இருக்குது" என்றார் மாஸ்டர்.

முதலாவதைக் கழற்றிவிட்டு இரண்டாவதை மட்டும் பாடவிட்டார்கள். அருமையாகப் பாடியது. முதலாவதை மட்டும் விட்டார்கள். அதுவும் அருமை. சேர்த்தால் இரண்டும் நோயில் விழுந்தன. இடம் மாற்றி வைத்தார்கள். வேறு வயர் போட்டுப் பார்த்தார்கள். சிவசாமிக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டோரில் ஆணியடிக்கும்போதும் அதே நினைவு. தனித்தனியே நல்லவர்களான இரண்டு பேர் சேர்ந்தால் எப்படிக் கெட்டுப்போக முடியும்? தேயிலையைப் பெட்டியில் நிறைக்கும் பொதி அறையில் இதைக் கேட்டவர்கள் தங்கள் வீட்டு அண்ணன் தம்பி கதைகளைச் சொன்னார்களே தவிர, பதில் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகல் எந்திரம் நின்றிருந்தது. ஆகையால் கரண்டும் இல்லை. சும்மா இருக்க முடியாமல் இருவரும் பெட்டிகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். வயர் எங்காவது உள்ளே அறுந்திருக்குமோ என்று மாஸ்டருக்குச் சந்தேகம். தன் டார்ச் லைட்டின் பேட்டரியைக் கழற்றி, வயர் நுனிகளை அதில் தொட்டார். பெட்டி 'டொக்' என்றது. இரண்டாவதும் 'டொக்' என்றது.

"வயர் சரியாத்தான் இருக்குது" என்றார் ஏமாற்றத்துடன்.

சிவசாமி பெட்டியோடு முகத்தை ஒட்டி வைத்திருந்தான். "இன்னொருக்காத் தொடுங்க மாஸ்டர்."

தொட்டார். கூம்பு துளியூண்டு வெளியே தள்ளியது. சிவசாமி அடுத்த பெட்டிக்குத் தாவினான். "இப்ப இதை." இந்தக் கூம்பு உள்ளே போயிற்று. கண் ஏமாற்றுகிறதோ என்று சட்டை மடிப்பில் ஒட்டியிருந்த தேயிலைத் தூளைக் கூம்புகளின் மேல் தூவி, பெட்டிகளை மல்லாத்திவைத்துப் பார்த்தான். ஒன்றில் தூள் துள்ளியது. மற்றதில் தூள் ஒருமுறை அமுங்கிப் பிறகுதான் அசைந்தது.

"மாஸ்டர், ரெண்டாளு வாள் இழுக்கிற மாதிரி பாருங்க. ஒருத்தன் தள்ளுறப்ப அடுத்தவன் இழுக்கணும். ரெண்டு பேரும் தள்ளுனா மரம் அறுபடாது."

"இஞ்சை அதுக்கு நேர்மாறு" என்றார் மாஸ்டர், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தபடி. "இதுகள் ரெண்டும் சேர்ந்து தள்ளவேணும். ஒண்டு தள்ளுற காத்தை மற்றது இழுத்து விழுங்கிப்போடுது. அப்ப நடுவில என்ன மிஞ்சும்?"

"அப்ப ஒன்னோட வயரை மட்டும் திருப்பி மாட்டுனா?"

"பார்ப்பம்."

பார்ப்பதற்குக் கரண்டு வர வேண்டும். திங்கட்கிழமை வேலை முடியும்வரை சிவசாமி தவித்த தவிப்பைப் பொதி அறை முழுவதும் கண்டது. சாயங்காலம் நாகலெட்சுமியும் கூடவே வந்தாள். மாஸ்டர் இரண்டாவது பெட்டியின் வயர்களை இடம் மாற்றி முறுக்கினார். ரேடியோ மெல்லச் சூடேறியது. நாகஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாசிப்பு அறையை நிறைத்தது. தவிலின் ஒவ்வொரு அடியும் நெஞ்சில் விழுந்தது.

பிறகு அறிவிப்பாளர் பேசத் தொடங்கினார். நாகலெட்சுமி இடது பெட்டியைப் பார்த்தாள். வலது பெட்டியைப் பார்த்தாள். மெதுவாக நடந்து போய், நடுத்தட்டில் இருந்த புத்தகங்களை இரண்டு கையாலும் விலக்கி, பின்னால் சுவரைப் பார்த்தாள்.

"இங்கதான பேசுறாரு" என்றாள். "இங்க ஒன்னுமில்லயே."

சிவசாமியும் கேட்டான். அவள் சொன்னது உண்மை. குரல் இரண்டு பெட்டிகளில் எதிலும் இல்லை. நடுவே, புத்தகங்கள் இருந்த இடத்தில், ஒரு மனிதர் நின்று பேசுவதுபோல் கேட்டது. ஓரமாக நகர்ந்தால் அவர் பக்கத்துப் பெட்டிக்குள் ஓடிவிடுவார். நடுவுக்கு வந்தால் திரும்பி வருவார். சிவசாமி சிறுபிள்ளைபோல் இங்கும் அங்கும் நகர்ந்துகொண்டே இருந்தான். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை, அதை ஒப்புக்கொண்டார். அதன் பிறகு நடுவில் போட்ட நாற்காலிக்கு எப்போதும் போட்டி. நடுவில் உட்கார வேண்டுமென்று ஆட்கள் நேரத்தோடு வரத் தொடங்கினார்கள்.

சில வருஷங்களில் மாஸ்டருக்குச் சாவகச்சேரிப் பக்கம் மாற்றல் வந்தது. ரேடியோ அவருடையது, அதை எடுத்துப் போனார். பெட்டிகளை எடுத்துப்போகச் சொன்ன சிவசாமியிடம், "அது தட்டுக்கு அளந்து செய்தது. தட்டை விட்டு எங்கை போகும்?" என்றார். பெட்டிகள் பேசாமல் கிடந்தன. பிறகு டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் வந்தன. வாசிகசாலைக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினார்கள். உள்ளங்கை அகலம்தான் இருந்தது, கரண்டும் கேட்கவில்லை. சிவசாமி அதன் காதுக்குழாய்த் துளையிலிருந்து பெட்டிகளுக்கு வயர் இழுத்தான். குரல் மெலிவுதான், ஆனால் நடுவில் நின்றது.

அறுபத்து நான்காம் வருஷம் அக்டோபரில் ஒருநாள் அந்த அறை கொள்ளாமல் சனம் வந்தது. தோட்டத்துத் தமிழரில் இந்தியாவுக்கு யார் போவது, இங்கே யார் இருப்பது என்று இரண்டு அரசாங்கமும் பேசி முடித்த செய்தி. ஜன்னல்களிலும் முகங்கள். செய்தி வாசித்தவர் எத்தனை லட்சம் பேர் என்று சொன்னார். சனம் பெட்டிகளைப் பார்க்கவில்லை. புத்தகங்கள் இருந்த நடுவிடத்தையே, அங்கே யாரோ நின்று தங்கள் பேரைச் சொல்லப் போகிறார்கள் என்பதுபோல், கண்ணெடுக்காமல் பார்த்தது. பேர் எதுவும் வரவில்லை. சிவசாமிக்கு முதல்தடவையாக அந்தக் குரலின் தெளிவு பிடிக்கவில்லை. எழுந்து போய் வயரைப் பிடுங்கினான்.

அதன் பிறகு வெகுநாள் அவன் பெட்டிப் பக்கம் போகவில்லை. இங்கேயே இருப்பதென்று அவனும் நாகலெட்சுமியும் முடிவு செய்து, குடியுரிமைக்கான மனுவையும் போட்டார்கள். பதில் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. காத்திருப்பது வீட்டில் ஓர் ஆள்போல் ஆயிற்று.

ஒருநாள் வேலையிலிருந்து வந்தவன் கண்ணில், அடுப்படியில் நாகலெட்சுமி புது மண்பானை ஒன்றைக் கவிழ்த்து, அடியில் விரலால் தட்டிக்கொண்டிருப்பது பட்டது.

"என்னா செய்யிற?"

"இது பலகையவிட நல்லாச் சத்தம் குடுக்குது. கேளுங்க." மறுபடி தட்டினாள். "இதுல ஓட்ட போட்டு அந்தப் புனல வச்சா எப்படி இருக்கும்?"

"ஓட்ட போடுறப்ப ஒடஞ்சிரும்."

"நாலு நாள் தண்ணியில ஊறப் போடுங்க. பொறவு பாப்போம்."

சிவசாமி பானையை வாங்கி, காதோடு வைத்து, தானும் ஒரு தட்டுத் தட்டினான். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனான்.