ஒட்டுக்கு அடுத்த விரற்கடை

யுத்த காலத்தில் மோட்டார் சாமான் எதுவும் வந்திறங்கவில்லை. உடைந்ததை ஒட்டித்தான் ஓட்ட வேண்டும். அந்த நம்பிக்கையில்தான் செவ்வாய்ப்பேட்டையில் கேஸ் வெல்டிங் கடை போட்டேன். எதிர்வரிசைக் கொல்லர்களுக்கு அது இளக்காரம். அவர்கள் இரண்டு துண்டையும் பழுக்கக் காய்ச்சி, ஒன்றன்மேல் ஒன்றை வைத்துச் சம்மட்டியால் அடித்தே இணைத்துவிடுவார்கள். "கேஸுல ஒட்டறது கஞ்சிப் பசைங்க, எத்தன நாளைக்குத் தாங்கும்?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்கள். ஓர் ஒட்டு விட்டால் போதும், என் கடைக்குப் பூட்டுதான்.

நாமக்கல் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் பஸ் வைத்திருந்தார். ஓட்டுவது அவருடைய ஒரே மகன். முன்சக்கரத்தைத் திருப்பும் எஃகுக் கம்பி முறிந்துபோக, பண்ணைக்காரரே அதை என்னிடம் கொண்டுவந்தார். ஒட்டி முடித்து, சாம்பலில் புதைத்து ஆறவைக்கலாம் என்று திரும்பினேன். அதற்குள் மனிதர் குடத்துத் தண்ணீரைச் செஞ்சூட்டிலேயே கொட்டிவிட்டார்!

"ஐயையோ, என்னங்க பண்றீங்க?"

"ஏனுங்க, வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட்டாத் தண்ணி ஊத்தோணுமில்லீங்க? அப்பத்தான இறுகும்?"

வண்டிப் பட்டை பச்சிரும்பு, தாங்கும். இது எஃகு. மறுபடி காய்ச்சி மெல்ல ஆறவிட வேண்டும், வைத்துவிட்டுப் போங்கள் என்று தொண்டை கிழியச் சொன்னேன். சந்தைக்கு வண்டி போகணும் என்று எடுத்துக்கொண்டு போனார். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு.

சந்தைக்குப் போகும் வழியிலேயே கம்பி முறிந்து, பஸ் புளியமரத்தில் மோதியது. மகனுக்கு வலது காலை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே, முறிந்த துண்டுகளோடு வந்தார். "உம்பட ஒட்டுத்தானய்யா எம்பையன் காலத் தின்னுருச்சு!"

வாங்கிப் பார்த்தேன். உருகிச் சேர்ந்த ஒட்டு அப்படியே இருந்தது. ஒட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை அகலம் உருகாது, ஆனால் வெந்திருக்கும். பார்வைக்குப் பழைய எஃகு, குணம் வேறு. அந்தச் சூட்டில் தண்ணீர் பட்டால் அந்த இடம்தான் கண்ணாடியாகிவிடும். கம்பி அங்கேதான் முறிந்திருந்தது. முறிந்த வாய் கற்கண்டு போல மினுங்கியது. ஒட்டைப் பட்டறைக் கல்லில் வைத்துச் சம்மட்டியைப் போட்டேன். வளைந்தது, விடவில்லை. மறுபக்கத்து விரற்கடையில் ஒரு தட்டு. சில்லுச் சில்லாகப் போயிற்று.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப, நாந்தானுங்களா?"

"ஆமாங்க. நீங்கதான்." எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அப்போது வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது. அவருடைய மனைவி இறங்கினார். கொல்லர்களும் சம்மட்டியைப் போட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். பண்ணைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி, அவளுக்குத் தெரிஞ்சா எம்பட மூஞ்சில முழிக்க மாட்டாளுங்க."

அந்த அம்மாள் தெருமண்ணை இரு கையாலும் வாரி என் கடையைப் பார்த்துத் தூற்றினார். "உங்கை வெளங்காமப் போகோணும்! நீ ஒட்டுன லட்சணத்துல எம்பையன் மொடமாயிட்டானே!"

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. பண்ணைக்காரர் தலையைத் தூக்கவே இல்லை.

"ஒட்டுச் சரியில்லாமப் போச்சுங்கம்மா" என்றேன்.