புர்மகான் அக்கா மறைத்த படம்

புர்மகான் அக்கா மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் கண்டதில்லை. பிஷ்கேக்கில் எங்கள் முற்றத்து நாய் குரைத்தாலே கதவைத் தாழ்போடுவாள். தெருவில் போலீஸ்காரன் நடந்தால் தையல் மிஷினை நிறுத்திவிடுவாள், என்னவோ அது திருட்டு மிஷின் மாதிரி. விருந்தாளிக்கு டீ ஊற்றுவதிலும் அதே பயம்தான். கோப்பையில் கொஞ்சமாக ஊற்றினால் இன்னும் இரு என்று அர்த்தம், நிறைய ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம். எங்கள் ஊரில் இது எல்லார் வீட்டு வழக்கம். ஆனால் இவள் ஊற்றுகிற டீயில் ஈகூட முங்காது. தப்பித்தவறி அரைக்கோப்பை ஆகிவிட்டால், வந்தவர் கோபித்துக்கொண்டாரோ என்று என்னிடம் வந்து புலம்புவாள்.

அப்பேர்ப்பட்டவளுக்குப் பிறந்தவள்தான் ஜாஸ்குல். போன வசந்தத்தில் நாரின் என்கிற ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவன் அவளைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். அவனுடைய அம்மா சோனுன் வெள்ளை முக்காட்டை அவள் தலையில் போட்டாள். முக்காடு விழுந்தால் கல்யாணம் முடிந்த கணக்கு. ஜாஸ்குல் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி வந்துவிட்டாள். பெண் மாஸ்கோவுக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று சம்பந்தி வீட்டுக்குச் சொல்லிவைத்தாள் புர்மகான் அக்கா. ஆனால் அவள் இதே ஊரின் அடுத்த கோடியில் ஒரு தையல் கூடத்தில் ஒளிந்திருந்தாள். தெரிந்தால் மறுபடியும் தூக்கிப்போக வருவார்கள்.

அன்று மதியம் அக்கா வெளிறிப்போன முகத்தோடு என் வீட்டுக்குள் வந்தாள்.

"ரகாத், கோட்டைப் போடு. ஜாஸ்குல் போன் பண்ணினா. அவ மூஞ்சிய படமா அச்சடிச்சு ஏதோ கண்காட்சியில தொங்கவிடுறாங்களாம்."

"யாரு சொல்லி?"

"அவளே சொல்லித்தானாம். அந்தப் பாவி பொண்ணு என்னைக் கொன்னுட்டுதான் ஓய்வா."

ஓவியக் கூடம் பூங்காவை ஒட்டி இருந்தது. உள்ளே நுழையவே அக்காவுக்குக் கால் வரவில்லை. என் கையைப் பிடித்த பிடியில் விரல் மரத்துப்போயிற்று. சுவர் முழுக்கத் துணிச்சட்டத்தில் மை இழுத்து அச்சடித்த படங்கள். நகரத்தையே மூடிய கரிப்புகை, பெட்டியோடு ரயிலேறும் அப்பன், மிஷின் மேலேயே தூங்கிவிட்ட தையல்காரி. எங்களைப் பற்றித்தான் போட்டிருக்கிறார்கள், பொய்யில்லை. வேறு நாளாக இருந்தால் நின்று பார்த்திருப்பேன்.

மூலையில், பார்க்க வந்தவர்களின் கண்ணெதிரேயே அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கொடியில், துணி காயப்போட்ட மாதிரி, கிளிப் மாட்டித் தொங்கினாள் ஜாஸ்குல். கருப்பு மையில் பெரிய முகம், கன்னத்து மச்சம்கூட விடவில்லை. தலையிலிருந்து முக்காடு சரிந்துகொண்டிருந்தது. கீழே எழுத்து: 'நான் மாஸ்கோவில் இல்லை. இங்கேதான் இருக்கிறேன்.'

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இதைக் கழட்டிடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்," என்று படம் போட்ட பெண்ணிடம் கெஞ்சினாள். "அவங்க பார்த்தா என் பொண்ணை இழுத்துட்டுப் போயிடுவாங்க."

"ஜாஸ்குலே வந்து கேட்டா அக்கா. ஒளிஞ்சு ஒளிஞ்சு அலுத்துப்போச்சுன்னா. இப்பதான் அச்சு இழுத்தோம், இது ஒண்ணுதான் சரியா வந்துச்சு. மத்ததை நாளைக்கு இழுக்கணும்."

யாரோ கூப்பிட, அந்தப் பெண் திரும்பினாள். அவ்வளவுதான். ஒரு ரொட்டித் துண்டுகூடக் கேட்காமல் எடுக்காத புர்மகான் அக்கா, படத்தைக் கிளிப்போடு பிடுங்கிக் கோட்டுக்குள் அணைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

மினிபஸ்ஸில் மூச்சுமுட்டக் கூட்டம். நெஞ்சோடு கையை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"இனி படம் இல்ல, என்ன? ஒண்ணுதானே இருந்துச்சு?"

அச்சடிக்கிற துணிச்சட்டம் அவர்களிடம்தானே இருக்கிறது, எத்தனை வேண்டுமானாலும் இழுப்பார்கள். ஆனாலும் ஆமாக்கா என்றேன்.

முற்றத்தில் நாரின் வண்டி நின்றது. உள்ளே ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு அந்த மருமகன். அவன் அம்மா வீட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் செருப்பு கிடந்தது. அவசரத்தில் அக்கா கதவைப் பூட்டாமலே வந்திருக்கிறாள். அக்கா படத்தை உருவி என் பைக்குள் திணித்துவிட்டு, உள்ளே போனாள், நானும் பின்னாலேயே போனேன்.

"கடைத்தெருவுக்கு வந்தோம், சம்பந்தி," என்றாள் சோனுன். "மாஸ்கோவுல இருந்து சேதி உண்டா?"

"இல்ல... இன்னும் இல்ல."

"விழுந்த கல்லு விழுந்த இடத்துலதான் கனம். அவ எங்க போனாலும் என் வீட்டு மருமகதான். நீ உட்காரு, டீ ஊத்து. அதென்ன, வீட்டுக்குள்ள கோட்டோட நிக்கிற? எங்களைக் கிளப்பி விடப் பாக்குறியா?"

"ஐயோ, இல்ல, இல்ல."

அக்கா அவசரமாகப் பொத்தானைக் கழற்றினாள். அந்த நேரம் பார்த்துத்தான், படத்தைப் பைக்குள் அமுக்கிய என் விரலைக் கவனித்தேன். கருப்பாக இருந்தது. மை காயவில்லை. அக்கா என்று கூப்பிட வாயெடுப்பதற்குள் கோட்டு கீழே விழுந்துவிட்டது.

வெள்ளைச் சட்டையில், நெஞ்சு முழுக்க ஜாஸ்குல். எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பிக் குழம்பிவிட்டது. இடது கன்னத்து மச்சம் வலதுக்கு மாறியிருந்தது. ஆனால் அந்த முகத்தை யாருக்குத் தெரியாது?

சோனுன் கையிலிருந்த ரொட்டியை வைத்தாள். "இது ஈர மை," என்றாள் மெதுவாக. "இங்கதான் எங்கயோ அச்சடிச்சிருக்காங்க. அவ இந்த ஊர்லதான் இருக்கா."

வெளியே மகன் ஹாரன் அடித்தான். அக்கா குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள். கோட்டை எடுக்கக் கை நீண்டது, பாதியில் நின்றது.

"ஆமா," என்றாள். "இங்கதான் இருக்கா. தர மாட்டேன்."

பிறகு கெட்டிலை எடுத்து, சோனுனின் கோப்பையில் ஊற்றத் தொடங்கினாள். கெட்டிலின் மூக்கு கோப்பையில் இடித்துக்கொண்டே இருந்தது. கால் கோப்பை ஆயிற்று, அரை ஆயிற்று, முக்கால் ஆயிற்று. சோனுன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீ விளிம்பைத் தாண்டி விரிப்பில் வழிந்தது. அப்போதும் அக்கா ஊற்றுவதை நிறுத்தவில்லை.