ஐயா வாயைத் திறந்தால்

பாடினால் மனம் சந்தோசப்படும் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். அதை முதன்முதலில் என்னிடம் சொன்னவர், தெல்லிப்பழைப் பக்கத்தில் நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர். ஆர்மோனியத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு மற்றக் கையை வீசி, "பிள்ளையள், வாயை நல்லாத் திறந்து பாடுங்கோ. பாடினால் கவலை எல்லாம் ஓடிப்போம்" என்பார். நாங்கள் வேர்க்க விறுவிறுக்க நின்று பாடுவோம். என் கவலை நின்ற இடத்திலேயே நிற்கும். நான் வாயை மட்டும் அசைத்துவிட்டுச் சத்தம் காட்டாமல் இருந்துவிடுவேன். ஒருநாள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"உனக்கு ஏன் பாட விருப்பமில்லை?"

"எங்கடை வீட்டிலை ஒருத்தரும் பாடக்கூடாது டீச்சர்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். சைவக்காரர் வீட்டில் பாட்டின் அருமை தெரியாது என்று நினைத்திருப்பார். எங்கள் ஊரிலேயே நல்ல குரல் எங்கள் வீட்டில்தான் இருந்தது. தொல்லையே அதனால்தான் வந்தது என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

என் ஐயா மருதனார்மடத்துக்குக் கிட்டப் புகையிலையும் வெங்காயமும் செய்த தோட்டக்காரர். ஊரில் யாராவது செத்துப்போனால் முதலில் ஆள் அனுப்புவது எங்கள் வீட்டுக்குத்தான். பிரேதத்தை எடுப்பதற்கு முன் முற்றத்தில் உரலை வைத்து, மஞ்சளும் அறுகம்புல்லும் போட்டு உரிமைக்காரர்கள் உலக்கை பிடித்து இடிப்பார்கள். அதைச் சுண்ணம் இடிப்பது என்போம். உலக்கை விழ விழ, பக்கத்தில் நின்று ஒருவர் அதற்குரிய பாட்டைப் பாட வேண்டும். அந்த ஒருவர் ஐயா. அது அவருக்குத் தொழில் இல்லை. குரல் இருந்த பாவத்துக்குத் தலையில் விழுந்த பொறுப்பு.

ஆகவே எங்கள் ஊர்ச் சனத்துக்கு ஐயாவின் குரல் என்றால் சாவு. அவர் வாயைத் திறந்தால் எங்கோ ஒரு வீட்டில் பந்தல் போடுகிறார்கள் என்று அர்த்தம். வீட்டில் அவர் ஒரு வரி முணுமுணுத்தாலும் அம்மா அடுப்படியிலிருந்து அகப்பையோடு ஓடிவருவார். "வாயைப் பொத்துங்கோ! வீட்டிலை பிள்ளைகுட்டி இருக்கெல்லோ!" ஐயா சிரித்துக்கொண்டே நிறுத்திவிடுவார். பிள்ளைகள் நாங்களும் பாடக்கூடாது. அவருடைய குரல் எங்கள் தொண்டைக்குள்ளும் இருக்கும் என்று அம்மாவுக்குப் பயம்.

ஒரு விசயம் எனக்கு வளர்ந்த பிறகுதான் பிடிபட்டது. அந்தப் பாட்டில் சாவு என்ற பேச்சே கிடையாது. வளையல் போட்ட பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டு, சுவாமி நீராட வாசனைப்பொடி இடிப்போம் வாருங்கள் என்று குதூகலமாகப் பாடுகிற பாட்டு அது. ஆனால் அதை யார் கேட்கிறார்கள்? யாருக்காகப் பாடுகிறார்களோ அவருக்குக் காது கேட்காது. காது கேட்கிறவர்கள் தலையில் அடித்து அழுதுகொண்டிருப்பார்கள். அவ்வளவு நல்ல பாட்டு கேட்பாரில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

ஒரு செத்தவீட்டில் பெண்களுக்குள் நின்று ஐயாவின் முகத்தைக் கவனித்தேன். அது துக்கம் பிடித்த முகமில்லை. அன்று அவர் சுடலையிலிருந்து வந்து கிணற்றடியில் தலைமுழுகும்போது கேட்டேவிட்டேன்.

"பாடேக்கை உங்களுக்குக் கவலையா இருக்கிறேல்லையோ, ஐயா?"

அவர் வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு அம்மா நிற்கிறாரா என்று பார்த்தார். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை மோனை. எனக்கு அந்த நேரம் நல்ல சந்தோசம். அழுகிற சனத்துக்கு நடுவிலை நிண்டு அதை முகத்திலை காட்டாமல் இருக்கிறதுதான் கரைச்சல். பாட்டை விட அந்தப் பாடுதான் பெரும் பாடு."

எனக்கு அவரைப் பார்க்கப் பெரிய பாவமாகிவிட்டது. பாடத்தான் பிறந்த மனிசன். அதற்கு யாராவது ஒருவர் சாக வேண்டும். "அடுத்தது ஆர் எண்டு பாத்துக்கொண்டோ திரியிறாய்?" என்று சந்தையில் பகிடி பண்ணுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

எனக்கு அரியாலையில் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொல்லி அனுப்பிய அன்று ஐயாவுக்குத் தலைகால் தெரியவில்லை. தோட்டத்தால் வந்தவர் கிணற்றடியில் நின்று துலாக்கயிற்றை இழுத்து இழுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டு, அடித்தொண்டையிலிருந்து பாடத் தொடங்கிவிட்டார். செத்தவீட்டுப் பாட்டில்லை, சும்மா ஒரு சுவாமி பாட்டு. அம்மா கடைக்குப் போயிருந்தார். எங்கள் வீட்டு அறைக்குள்ளே பெரியையா, ஐயாவின் தமையன், பல மாதமாகப் பாயும் படுக்கையுமாகக் கிடந்தார். இது ஊருக்கெல்லாம் தெரியும். அது போதாதா? வேலிக்கு அங்காலிருந்த பெண்கள் தலைமயிரை அவிழ்த்துவிட்டபடி, "என்ரை ஐயோ, எங்களை விட்டிட்டுப் போட்டியளோ" என்று மாரில் அடித்துக்கொண்டு படலையைத் தள்ளி ஓடிவந்தார்கள். நல்ல கூவல். திடுக்கிட்டு எழும்பிய பெரியையா உள்ளேயிருந்து கத்தினார்.

"ஆரடி செத்தது?"

முன்னுக்கு நின்ற மனிசி அழுகையை நிறுத்தாமலே, "நீங்கள்தான்!" என்றாள்.

"பொறுங்கோடி, நான் இன்னும் கஞ்சி குடிக்கேல்லை!"

நான் சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டேன். அம்மா வந்து கதையைக் கேட்டதும் சிரிக்கவில்லை. அவர் பயந்தது சரியாய்ப் போயிற்று. கதை அரியாலைக்குப் போய்ச் சேர எத்தனை நேரம் எடுக்கும்? கலியாணம் பேசியவர் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையின் தாய் சொல்லிவிட்ட கதை இதுதான்: பெண் பிடித்திருக்கிறது, குடும்பமும் பிடித்திருக்கிறது. ஆனால் கலியாண வீட்டில் பெண்ணின் தகப்பன் பாட வாயைத் திறக்கக்கூடாது.

எங்கள் பக்கத்தில் தாலி கட்டி முடிந்ததும் பெரியவர் யாராவது ஒரு பதிகம் பாடி வாழ்த்துவது வழக்கம். என் கலியாணத்தில் தானே பாடவேண்டும் என்று ஐயா ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியும். புகையிலைக் கன்றுகளுக்கு நடுவில் குனிந்து நின்று அவர் மெல்லப் பாடிப் பாடிப் பார்ப்பதைக் கேட்டிருக்கிறேன். என் ஆசையும் அதுவாகத்தான் இருந்தது. ஒரு தரமாவது அவர் முகத்தை ஒளிக்காமல் பாடட்டும் என்று நினைத்திருந்தேன்.

"ஐயா பாடக்கூடாதெண்டால் எனக்கு அந்தக் கலியாணம் வேண்டாம்" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் வாயில் தட்டினார். ஐயாதான் முடிவு சொன்னார். "நான் பாடேல்லை. என்ரை குரலாலை பிள்ளைக்கு ஒரு சொல் வரவேண்டாம்."

கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கிராமபோன் பெட்டி கொண்டுவந்தார்கள். குழல் வைத்த பெட்டி. யாரோ காணாத ஊர்ப் பாட்டுக்காரன் மூக்கால் பாட, சனமெல்லாம் வாயைப் பிளந்து கேட்டது. ஐயாவும் போய்க் கைகட்டி நின்று கேட்டார். அவருக்கு அது பிடித்துமிருந்தது. எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக் கிணற்றுக்குள் போடலாம் போல இருந்தது. தாலி கட்டிய பிறகு ஐயா அறுகரிசி போட்டு வாழ்த்த வந்தார். என் தலையில் போடும்போது அவருடைய உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. பாட்டு வகுப்பில் நான் நின்றது போலவே நின்றார்.

மாப்பிள்ளையின் தாய், என் மாமி, கூடாத மனிசி இல்லை. ஐயா எப்போது வந்தாலும் இலை போட்டுப் பக்கத்தில் நின்று பரிமாறுவார். ஐயாவும் வெங்காயப்பிடியும் பனங்கட்டி அடைத்த ஓலைக் குட்டானுமாக வருவார், தோட்டக்கதை கதைப்பார், போவார். பாட்டு மட்டும் கிடையாது. என் பிள்ளைகள் அவர் மடியில் கிடந்து வீரிட்டு அழுதாலும் முதுகில் தட்டுவாரே தவிர வாய் திறக்கமாட்டார். ஊருக்கே பாடிய மனிசனிடம் என் பிள்ளைகளுக்கு ஒரு தாலாட்டுக் கிடைக்கவில்லை. அதை நான் மாமிக்கு மன்னிக்கவில்லை. மாமியும் மன்னிப்புக் கேட்கிற ஆளில்லை.

உலகச் சண்டைக் காலத்தில், கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்ற நாட்களில், மாமி படுக்கையில் விழுந்தார். எழும்பமாட்டார் என்று பரியாரியார் சொல்லிவிட்டார். மாமிக்கும் அது தெரிந்திருந்தது. ஒருநாள் கஞ்சி பருக்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நான் போனால் உன்ரை ஐயாவைத்தான் கூப்பிட வேணும். வேறை ஒருத்தரும் பாடவேண்டாம்."

எனக்கு வந்த கோபத்தில் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "என்ரை கலியாணத்திலை அவரின்ரை வாயைக் கட்டினியள். உங்கடை செத்தவீட்டுக்கு மட்டும் அவரின்ரை குரல் வேணுமோ? நீங்கள் என்னத்தைக் கேக்கப்போறியள் அப்ப?"

மாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சாகக் கிடக்கிறவரிடம் இப்படிக் கதைக்கலாமா என்று கேட்பீர்கள். அத்தனை வருடம் அடக்கி வைத்ததைச் சொன்னது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

அடுத்த கிழமை ஐயா சுகம் விசாரிக்க வந்தார். நான் பின் விறாந்தையில் புட்டுக்கு மா இடித்துக்கொண்டிருந்தேன். யன்னலுக்கு அந்தப் பக்கம் மாமியின் கட்டில். அவர் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"சம்பந்தி, செத்தவீட்டிலை பாடுறியளே, உது என்ன பாட்டு? எத்தினையோ வீட்டிலை நிண்டிருக்கிறன். அழுகைச் சத்தத்திலை ஒரு சொல்லும் விளங்கினதில்லை."

ஐயா பதறிப்போனார். "உதை இப்ப ஏன் கேக்கிறியள்? உயிரோடை இருக்கிற ஆக்களுக்குப் பாடுறேல்லை."

"செத்த ஆக்களுக்குக் கேக்காதெண்டு உங்கடை மகள் சொல்லுறாள். அது சரிதானே. எனக்கு இப்ப கேக்க வேணும். யன்னலைச் சாத்திப்போட்டுப் பாடுங்கோ. இல்லாட்டில் அயல் முழுக்க ஒப்பாரியோடை வந்திடும்."

யன்னல் சாத்தப்பட்டது. பிறகு ஐயாவின் குரல் வந்தது. முதல் வரியில் தடுமாறி, அடுத்த வரியில் காலூன்றி நின்றுகொண்டது. என் உலக்கை தானாக நின்றுவிட்டது. அந்தப் பாட்டுப் பாடும்போது உலக்கையில் கை வைப்பதென்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

உள்ளேயிருந்து மாமி சத்தம் போட்டார். "ஏன் பிள்ளை நிப்பாட்டினனீ? இடிக்கிற பாட்டெல்லோ. இடி!"

இடித்தேன். ஐயாவின் பாட்டுக்கு என் உலக்கை விழுந்தது. என் உலக்கைக்கு அவர் பாட்டு வந்தது. பெண்கள் பெண்களைக் கூப்பிடுகிற இடத்தில் அவர் குரல் துள்ளியது. அழுகிறவர்கள் யாரும் இல்லாமல் அந்தப் பாட்டை நான் கேட்டது அதுதான் முதல் தரம். மா எப்போதோ பட்டுப்போல வந்துவிட்டது. நான் நிறுத்தவில்லை.

பாட்டு முடிந்ததும் மாமியின் குரல் மெல்லக் கேட்டது.

"அட, இது கலியாண வீட்டுப் பாட்டெல்லோ சம்பந்தி."

"ஓம்" என்றார் ஐயா.

"அண்டைக்கு உங்களைப் பாட விட்டிருக்கலாம்."

நான் அறை வாசலுக்கு வரும்போது ஐயா என் கடைக்குட்டியைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டார். அது அழவுமில்லை, நித்திரைக்கும் அடம்பிடிக்கவில்லை. ஆனாலும் அதற்கு ஒரு தாலாட்டுப் பாடினார். மாமி கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டார்.

பாடினால் சந்தோசம் வரும் என்ற அந்த டீச்சரின் கதையை நான் இன்றும் ஒப்புக்கொள்ளமாட்டேன். சந்தோசம் ஐயாவிடம் எப்போதும் இருந்தது. அதை இங்கே காட்டலாம் என்று சொல்ல ஒரு ஆள்தான் இல்லாமல் இருந்தது.

மழை தொடங்கும் நேரத்தில் மாமி போய்ச் சேர்ந்தார். சொன்னபடியே ஐயா வந்து முற்றத்தில் நின்றார். மகனும் மருமகளுமாக உலக்கையில் கை வைத்தோம். சுற்றி நின்ற சனம் ஓவென்று அழுதது. ஐயா வாயைத் திறந்தார். நான் தலையைக் குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். பாவம், மருமகள் அழுகையை அடக்குகிறாள் என்று பக்கத்தில் நின்ற ஒரு மனிசி என் முதுகைத் தடவிவிட்டாள். நான் அடக்கிக்கொண்டு நின்றது அழுகையை இல்லை.