சேது ரோட்டில் அண்ணனுக்குக் காரியம்

கோட்டையூரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு மூன்றரை மணி நேரம் போதும். நானும் அண்ணியும் போன அன்று ஐந்து மணி நேரம் ஆனது. வழியில் சோறு போடுகிற இடம் எதையும் விடாமல் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். காணாமல் போன அண்ணன் ஏதாவது ஒரு வரிசையில் தட்டோடு நிற்பார் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். நாங்கள் கிளம்பியதோ, அவர் செத்துவிட்டார் என்று முடிவுகட்டிக் காரியம் செய்ய. ஒரே பயணத்தில் ஆளைத் தேடவும் வேண்டும், அவருக்குக் கொள்ளி வைக்கவும் வேண்டும். என் பிழைப்பு அப்படி.

அண்ணன் டாக்ஸி ஓட்டினார். கானாடுகாத்தானில் பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப் போய்க் காட்டுவார். ஒரு நாள் காலையில் கார் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டு போனவர்தான். வீட்டில் சண்டை இல்லை, வெளியில் கடன் இல்லை. தேவகோட்டைக்கு அந்தப் பக்கம், ராமேஸ்வரம் போகும் சேது ரோட்டில் நடந்து போனதைப் பார்த்ததாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். பிறகு பன்னிரண்டு வருஷம் ஒரு தகவலும் இல்லை. செத்திருந்தால் பதினாறு நாளில் அழுது முடித்திருப்போம். இப்படி எங்களை அந்தரத்தில் விட்டுப் போனாரே என்று அவர் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்: “பொண்ணோட அப்பா இருக்காகளா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லிருங்க. பத்திரிகை அடிக்கணும்ல?”

கேட்டதில் தப்பில்லை. பன்னிரண்டு வருஷம் தகவல் இல்லாதவருக்குத் தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் காரியம் முடிக்கலாம் என்று ஜோசியர் வழி சொன்னார். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. காரியம் முடிந்தால் அண்ணிக்குத் தாலியும் பொட்டும் போய்விடும். மகளின் மணவறைக்குப் பக்கத்தில்கூட அவரை நிற்கவிட மாட்டார்கள். அது தெரிந்தும் அண்ணி, “செஞ்சிருவோம் தம்பி” என்று மட்டும் சொன்னார்.

சேது ரோட்டுக்குப் பெரிய சரித்திரம் உண்டு. காசியிலிருந்து கால்நடையாக வந்தவர்கள் போன வழி. அவர்களுக்காக ராஜாக்கள் சத்திரம் கட்டினார்கள், கிணறு வெட்டினார்கள். நான் பார்த்ததெல்லாம் ரோட்டை அகலப்படுத்த மரங்களை வெட்டியதால் வந்த மொட்டை வெயிலும் இரண்டு பக்கமும் கருவேலமும்தான். ஒன்று மட்டும் மாறவில்லை. இந்த ரோட்டில் கையில் காசில்லாமல் நடந்தாலும் எங்காவது ஒரு வேளைச் சோறு கிடைத்துவிடும். வீட்டை உதறிவிட்டு வந்தவர்கள் இதிலேயே வருஷக்கணக்கில் மேலும் கீழும் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

தேவகோட்டை தாண்டி இரண்டு இடத்தில் இறங்கினேன். அண்ணி காரிலேயே உட்கார்ந்திருந்தார். வரிசையில் நின்ற ஒவ்வொரு தாடிக்குள்ளும் அண்ணனின் மூக்கைத் தேடினேன். சிலர் வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டார்கள். உப்பூருக்குப் பக்கத்தில் பொங்கல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவர் என் கையிலிருந்த போட்டோவை வாங்கிப் பார்க்கவே இல்லை.

“மாசத்துக்கு நாலு பேரு இப்படிப் போட்டோவோட வாராக. எல்லாருமே இங்குட்டுத்தான் வந்தாருங்கிறாக. போட்டோவுல மீசை வச்சுச் சிரிக்கிற ஆளு, இங்குட்டு வந்தா அதே மொகத்தோடயா இருப்பாரு? போங்க தம்பி, வெயிலுக்கு முன்ன போய்ச் சேருங்க.”

தேவிபட்டினத்தில் ஒரு சாப்பாட்டு மண்டபத்தின் முன்னால் காரை ஓரம் கட்டினேன். “நேரமாச்சு தம்பி, ஐயரு காத்திருப்பாரு” என்றார் அண்ணி. எனக்கும் அலுத்துப் போயிருந்தது. அம்மாவுக்குச் செய்த சத்தியத்தை அங்கேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

ராமேஸ்வரத்துக் கடற்கரையில் தலையையும் மீசையையும் மழித்துக்கொண்டேன். ஐயர் ஒரு முழ நீளத்துக்குத் தர்ப்பையால் உருவம் கட்டிக் கொடுத்தார். அண்ணன் பெயரை மூன்று தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். நெருப்பு வைத்ததும் இரண்டு நிமிஷத்தில் எரிந்து அடங்கிவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் தாலியைக் கழற்றி வாங்கும்போது பெண்கள் சூழ்ந்து நின்று அழுவார்கள். அங்கே யாரும் இல்லை. அண்ணியே கழற்றி, கொண்டுவந்திருந்த பால் டம்ளரில் போட்டார். அழவில்லை. நான்தான் ஈர வேட்டியோடு நின்று விம்மினேன்.

திரும்பும்போது மண்டபம் என்கிற ஊரில் டீ குடிக்க நிறுத்தினோம். அண்ணி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினார்.

“அவுகளைப் பாத்தேன் தம்பி. ஆறு வருஷத்துக்கு முன்ன. கிரக தோசத்துக்குன்னு தெருப் பொம்பளைகளோட பஸ்ஸுல தேவிபட்டினம் போனேன்ல, அப்ப. காலையில நீங்க நிறுத்துனீகளே, அந்தச் சாப்பாட்டு மண்டபத்துல எச்சில் எலை எடுத்துக்கிட்டிருந்தாக.”

என் கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன்.

“கிட்டப் போனேன். ‘ஆள் மாறிப் பாக்குறீகம்மா’ன்னாக. அவுக கொரலு எனக்குத் தெரியாதா? ‘பிள்ளை ப்ளஸ் ஒன் போறா’ன்னு மட்டும் சொன்னேன். ‘நல்லாயிருக்கட்டும்’னுட்டு வாளியத் தூக்கிக்கிட்டுப் பின்னால போயிட்டாக.”

“ஏன் அண்ணி சொல்லல? காலையிலயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா காரியம் செஞ்சிருப்பீகளா?”

செய்திருக்க மாட்டேன். அண்ணனைத் தரதரவென்று இழுத்து வந்திருப்பேன். அவர் மறுபடியும் போயிருப்பார். ஆறு வருஷமாக ‘நல்லாயிருக்கட்டும்’ என்ற அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு, அம்மா கூட்டிப்போன கோயிலுக்கெல்லாம் போய், தினமும் பொட்டு வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார் இந்த மனுஷி. டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்து வண்டியில் ஏறினேன்.

தேவிபட்டினம் வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. சாப்பாட்டு மண்டபத்து வாசலில் சாயங்காலப் பந்திக்கு ஆட்கள் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். உள்ளே யாரோ வாளியோடு நடப்பது தெரிந்தது. அண்ணி நிறுத்து என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் நிறுத்தவில்லை. அண்ணன் அங்கே இருந்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.